ஆபரேஷனுக்கு முன் குழந்தையின் பயம் தணிய: மூக்கு வழி செடேஷன், முதல் முறை கொடுப்பவர்களுக்கு

குழந்தைகள் ஆபரேஷன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் செவிலியர்களுக்கும் மயக்கவியல் பயிற்சி மருத்துவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பெற்றோர் படித்தாலும் பயன்படும். ஆனால் வீட்டில் யாரும் செய்து பார்க்கும் வேலை இல்லை இது. எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்து எழுதித் தருபவர் மயக்கவியல் மருத்துவர். கீழே வரும் அளவுகள், எழுதித் தந்ததைப் புரிந்துகொண்டு சரிபார்க்க உதவுபவை. உங்கள் மருத்துவமனைக்கென்று விதிமுறை இருந்தால் அதுவே முதலில்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூக்கு வழி செடேஷன் (மூக்கில் மருந்து கொடுத்துக் குழந்தையை அமைதிப்படுத்துவது) பலிக்காமல் போகும்போது எல்லோரும் மருந்தைக் குறை சொல்வார்கள். கூர்ந்து பார்த்தால், பெரும்பாலும் மருந்து வேலை செய்யத் தொடங்கும் முன்பே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள், அல்லது அது வேலை செய்துகொண்டிருந்தபோது யாராவது எழுப்பியிருப்பார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் மருந்தைவிட நேரத்தைப் பற்றியும் அறையின் அமைதியைப் பற்றியும் அதிகம் பேசுவேன்.

பயத்தை எதற்காக இவ்வளவு பொருட்படுத்துகிறோம்

ஏழெட்டு மாதம் வரை குழந்தை யார் கையில் கொடுத்தாலும் போகும். அதன் பிறகு அம்மா அப்பாவைப் பிரிவதே பெரிய பயமாகிவிடுகிறது. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை இது உச்சத்தில் இருக்கும். விளக்கிச் சொன்னால் புரியாத வயது, ஆனால் நடப்பதெல்லாம் மனதில் பதியும் வயது. முகமூடியை முகத்தில் அழுத்திப் பிடித்து, கைகால்களை நான்கு பேர் பிடித்து மயக்கம் கொடுத்தால் அன்றைய வேலை முடிந்துவிடும். குழந்தைக்கு அது முடிவதில்லை. அதிகப் பயத்தோடு மயக்கத்துக்குள் போகும் குழந்தைகள் கண் விழிக்கும்போது மிரண்டு கத்துவதும், வலி கூடுதலாக உணர்வதும், வீட்டுக்குப் போன பிறகு தூக்கத்தில் அலறுவதும், படுக்கையில் சிறுநீர் போவதும், சாப்பிட அடம் பிடிப்பதும் அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இரண்டாவது ஆபரேஷனுக்கு வரும் குழந்தை வாசலிலேயே அழத் தொடங்கினால், முதல் முறை என்ன நடந்தது என்று கேளுங்கள். பதில் அங்கே இருக்கும்.

மருந்து தவிர்த்த வழிகளும் உண்டு. முந்தைய நாளே முகமூடியைக் கொடுத்து விளையாடவிடுவது, டேப்லெட்டில் பிடித்த படம் போட்டுக்கொடுப்பது, கதை சொல்லிக்கொண்டே கூட்டிப்போவது எல்லாம் நன்றாகவே உதவுகின்றன. மயக்கம் கொடுக்கும்போது பெற்றோர் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பெற்றோரே நடுங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பதற்றம் குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளும். நல்ல பேச்சிலேயே சமாதானமாகும் குழந்தைக்கு மருந்து வேண்டாம். ஆறு மாதத்துக்குக் கீழே பொதுவாகத் தேவையே படாது. பேசியும் விளையாடியும் ஆகவில்லை, வாய் வழி மருந்தையும் துப்பிவிடுகிறது, ஊசி என்றாலே அலறுகிறது என்ற குழந்தைக்குத்தான் மூக்கு வழி.

மூக்கு ஏன்

மூக்கின் உட்சவ்வில் ரத்த நாளங்கள் அடர்ந்திருக்கின்றன. அதில் படியும் மருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. வாய் வழி போனால் குடல் கடந்து முதலில் கல்லீரலுக்குப் போகும். அங்கே கணிசமான பகுதி சிதைந்துவிடும். செடேஷன் மருந்துகளில் ஒன்றான மிடாசோலம் வாய் வழியாகக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் தேவைப்படும் இடத்தில் மூக்கு வழியாக 0.2 முதல் 0.3 மில்லிகிராமே போதுமானதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் குழந்தையின் மூக்கு மிகச் சிறியது. ஒரு துவாரத்தில் 0.2 முதல் 0.3 மில்லி (மில்லிலிட்டர்) வரை அழகாகப் படியும், 0.5 மில்லி தாண்டினால் வழியத் தொடங்கும். எந்த நிலையிலும் 1 மில்லிக்கு மேல் போகக்கூடாது. மிஞ்சியது தொண்டைக்கு இறங்கி விழுங்கப்படும், அப்போது அது மூக்கு வழி மருந்தே அல்ல. அதனால்தான் அடர்த்தியான கரைசலை எடுத்து, இரண்டு துவாரத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கிறோம்.

முதல் படி: குழந்தையைப் பாருங்கள், குறிப்பேட்டை அப்புறம்

மருந்தை எடுக்கப் போகும் முன் குழந்தையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து மூக்கைப் பாருங்கள். சளி ஒழுகுகிறதா, உறிஞ்சுகிறதா, வாயால் மூச்சு விடுகிறதா, ரத்தம் காய்ந்திருக்கிறதா? சளி அடைத்த மூக்கில் மருந்து சவ்வைத் தொடாது, சளியோடு வெளியே வந்துவிடும். கொஞ்சம் சளிதான் என்றால் மெதுவாக உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்யலாம். ஆனால் காய்ச்சலோடு, இருமலோடு, பச்சைச் சளியோடு வந்திருக்கும் குழந்தையை மயக்கவியல் மருத்துவர் மறுபடி பார்க்காமல் எதுவும் கொடுக்காதீர்கள். ஆபரேஷனையே தள்ளிப்போட வேண்டியிருக்கலாம்.

அடுத்து பெற்றோரிடம் ஒரு கேள்வி: "தூங்கும்போது குறட்டை விடுகிறதா? நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறதா?" இந்தக் கேள்வியை விட்டுவிடவே கூடாது. டான்சில், அடினாய்டு (மூக்கின் பின்புறத் திசு) ஆபரேஷனுக்கு வரும் குழந்தைகளில் பலருக்கு ஆபரேஷனே இந்த மூச்சுத் தடைக்காகத்தான். அடினாய்டு வீங்கியிருந்தால் மூக்கும் அடைத்திருக்கும், தூங்கினால் மூச்சுக்குழாயும் சுருங்கும். செடேஷன் மிகவும் தேவைப்படுவதுபோல் தெரியும் குழந்தைதான் அதனால் அதிகம் பாதிக்கப்படக்கூடிய குழந்தையும். கடுமையான மூச்சுத் தடை இருந்தால் மருத்துவர் மருந்தே வேண்டாம் என்று சொல்லலாம், அல்லது குறைத்துக் கொடுத்து முழுநேரக் கண்காணிப்பு கேட்கலாம்.

தலையில் அடிபட்டு மண்டையோட்டின் அடிப்பகுதியில் முறிவு என்ற சந்தேகம், மூளை அழுத்தம் கூடியிருப்பது, உணர்வு மங்கியிருப்பது, முகத்தாடை அமைப்பால் மூச்சுக்குழாய் கையாளக் கடினமான குழந்தை, வயிறு நிறைந்த நிலையில் வரும் அவசர ஆபரேஷன், அந்த மருந்துக்கு முன்பே ஒவ்வாமை: இவற்றில் எது இருந்தாலும் நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுங்கள். இன்னொரு செடேஷன் மருந்தான டெக்ஸ்மெடிடோமிடின் என்றால் இதயத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். இதய மின்கடத்தலில் தடை, ஏற்கெனவே குறைவான நாடித்துடிப்பு, டிகாக்சின் என்ற இதய மருந்தோ நாடியைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்துகளோ சாப்பிடுவது எல்லாம் முக்கியம்.

வெறும் வயிற்றுக் கணக்கையும் இப்போதே சரிபாருங்கள். திட உணவுக்குப் பொதுவாக 6 மணி நேரம். தாய்ப்பாலுக்கும் தெளிந்த பானத்துக்கும் வழிகாட்டுதல்கள் வேறுபடுகின்றன: அமெரிக்க மயக்கவியல் சங்கம் தாய்ப்பாலுக்கு 4 மணி, தண்ணீர் போன்ற தெளிந்த பானத்துக்கு 2 மணி என்கிறது, 2022இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் தாய்ப்பாலுக்கு 3 மணி, தெளிந்த பானத்துக்கு 1 மணி போதும் என்கிறது. உங்கள் இடத்தில் எது நடைமுறையோ அதைப் பின்பற்றுங்கள், ஆனால் தேவைக்கு மேல் பட்டினி போடாதீர்கள். பசியில் அழும் குழந்தையைப் பயத்தில் அழுவதாக நினைத்து மருந்து கொடுப்பது அநியாயம்.

இரண்டாவது படி: எந்த மருந்து என்று தெரிந்துகொள்ளுங்கள்

நடைமுறையில் இரண்டு மருந்துகள்தான் அதிகம். இரண்டும் வேறு வேறு குணம் கொண்டவை. அந்தக் குணம் தெரியாமல் கொடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

மிடாசோலம் வேகமானது. கிலோவுக்கு 0.2 முதல் 0.3 மில்லிகிராம், மொத்தத்தில் 10 மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை. 5 முதல் 10 நிமிடத்தில் வேலை தொடங்கும், 10 முதல் 20 நிமிடத்துக்குள் நன்றாகப் பிடிக்கும், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் குறையும். குழந்தை பெரும்பாலும் தூங்காது. கண் சொக்கி, உடல் தளர்ந்து, சிரித்துக்கொண்டே யார் கையிலும் போகும். நடந்ததை மறந்தும்விடும், அந்த மறதி பெரிய வரம். குறை என்னவென்றால் எரியும். கரைசல் அமிலத்தன்மை உள்ளது, மூக்கில் பட்டதும் சுரீர் என்றிருக்கும், தொண்டைக்கு இறங்கினால் கசக்கும். கொடுத்தவுடன் ஓரிரு நிமிடம் வீறிட்டு அழுவது சாதாரணம். பெற்றோரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில இடங்களில் முன்னதாக மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஸ்ப்ரே அடித்து எரிச்சலைக் குறைக்கிறார்கள்.

டெக்ஸ்மெடிடோமிடின் நிதானமானது. கிலோவுக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம். நிறமோ மணமோ கிடையாது, எரியவும் எரியாது. ஆனால் பிடிக்க 25 முதல் 45 நிமிடம் ஆகும். இயல்பான தூக்கம்போலவே தூங்கும், மூச்சு அவ்வளவாகப் பாதிக்கப்படாது, விழித்தெழும்போது மிரண்டு கத்துவதும் குறைகிறது. குறை இரண்டு. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கும். அடுத்தது, அந்தத் தூக்கம் தட்டினால் கலையும்; விளக்கைப் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் கேனுலா (ரத்தநாளத்தில் மருந்து செலுத்தும் மெல்லிய குழாய்) குத்தினால் குழந்தை விழித்துக்கொள்ளும். மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. அதன் இயல்பே அப்படித்தான்.

என்னைக் கேட்டால், பட்டியல் நேரப்படி நடக்கும் ஆபரேஷன் தியேட்டரில், அமைதியான அறை இருந்தால் டெக்ஸ்மெடிடோமிடின். பத்து நிமிடத்தில் கூப்பிடுவார்கள் என்ற இடத்தில் மிடாசோலம். மருந்து நல்லதா கெட்டதா என்பதைவிட உங்கள் தியேட்டர் எப்படி ஓடுகிறது என்பதுதான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

கெட்டமின் என்ற மயக்க மருந்தையும் மூக்கு வழி கொடுக்கிறார்கள். ஆனால் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் தேவைப்படுவதால் கொஞ்சம் எடை கூடிய குழந்தைக்கே அளவு மூக்கில் அடங்காமல் போகும். எச்சிலும் கூடும். ஃபென்டனில் பயத்துக்கான மருந்து அல்ல, வலிக்கானது. எலும்பு முறிவோடு துடித்துக்கொண்டு வரும் குழந்தைக்குப் பொருந்தும். மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது அனுபவமுள்ளவர் பக்கத்தில் நின்று செய்ய வேண்டியது.

பெற்றோர் சிலர் மருந்துச்சீட்டைப் படித்துவிட்டு, "இதில் மூக்கு என்று போடவே இல்லையே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டெக்ஸ்மெடிடோமிடினுக்கு அமெரிக்காவில் 1999இல் ஒப்புதல் கிடைத்தது தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரியவர்களுக்கு நரம்பு வழி கொடுக்க. மிடாசோலம் மூக்கு ஸ்ப்ரேவுக்கு அங்கே 2019இல் ஒப்புதல் வந்தது 12 வயதுக்கு மேற்பட்டவர்களின் தொடர் வலிப்புக்காக. ஆபரேஷனுக்கு முன் குழந்தையின் மூக்கில் தருவது இந்த ஒப்புதல்களுக்கு வெளியே, மருத்துவரின் பொறுப்பில், நீண்ட அனுபவத்தின் துணையோடு நடப்பது. அதை மறைக்காமல் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள்.

மூன்றாவது படி: கணக்கு

இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம், இன்று காலை தராசில் 14 கிலோ. வீட்டில் சொன்ன எடையையோ போன மாத எடையையோ நம்ப வேண்டாம்.

மிடாசோலம் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் 2.8 மில்லிகிராம். ஆம்ப்யூலை (மருந்துக் குப்பியை) ஒளியில் பிடித்து அடர்த்தியைப் படியுங்கள். மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ளது என்றால் 0.56 மில்லி, ஒரு துவாரத்துக்கு 0.28. சரியாக அடங்கும். அதே மருந்து மில்லிக்கு 1 மில்லிகிராம் என்றும் வருகிறது. அதை எடுத்துவிட்டால் 2.8 மில்லி ஆகும், துவாரத்துக்கு 1.4. பாதிக்கு மேல் வயிற்றுக்குத்தான் போகும். இதைவிட ஆபத்தானது நேர்மாறான குழப்பம்: மில்லிக்கு 1 மில்லிகிராம் என்று நினைத்துக்கொண்டு 5 மில்லிகிராம் ஆம்ப்யூலிலிருந்து எடுத்தால் ஐந்து மடங்கு மருந்து.

டெக்ஸ்மெடிடோமிடின் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என்றால் 28 மைக்ரோகிராம். நீர்க்காத மருந்து மில்லிக்கு 100 மைக்ரோகிராம், ஆகவே 0.28 மில்லி. துவாரத்துக்கு 0.14. மைக்ரோ, மில்லி என்ற இரண்டையும் வாய்விட்டு உச்சரித்து, இன்னொருவரையும் தனியாகக் கணக்குப் போடச் சொல்லுங்கள். நீங்கள் போட்டதைக் காட்டி "சரியா?" என்று கேட்டால் அவர் தலையாட்டிவிடுவார்.

இனி, புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம். மருந்தை மெல்லிய துளிகளாகத் தூவ சிரிஞ்சின் நுனியில் ஸ்ப்ரே முனை ஒன்றைப் பொருத்துவோம். அந்த முனைக்குள் ஏறத்தாழ 0.1 மில்லி தங்கிவிடும். முனைக்கு முனை இது மாறும் என்பதால் உறையைப் பாருங்கள். 0.28 மில்லி மட்டும் எடுத்திருந்தால் மருந்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழந்தைக்குப் போகவே போகாது. ஆகவே 1 மில்லி சிரிஞ்சில் 0.38 எடுங்கள். முதல் துவாரத்தில் 0.38இலிருந்து 0.14 கோடு வரை அழுத்துங்கள்; அதில் 0.1 முனையை நிரப்பும், 0.14 மூக்கில் போகும். இரண்டாவது துவாரத்தில் மீதியை முழுதாக அழுத்திவிடுங்கள். கடைசியில் முனைக்குள் தங்குவது கூடுதலாக எடுத்த அந்த 0.1தான்.

ஸ்ப்ரே முனை இல்லாத இடங்களில் ஊசி கழற்றிய சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடலாம். அதற்குக் குழந்தை மடியில் மல்லாந்து படுத்து, தலை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். மெதுவாக விட வேண்டும். தொண்டைக்கு இறங்கும் பகுதி இதில் அதிகம். இருமல் வரும், கசப்பும் வரும். முடிந்தவரை முனையை வாங்கிவைக்கச் சொல்லுங்கள்.

நான்காவது படி: தியேட்டருக்கு ஒரு போன்

மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு குழந்தையிடம் போகும் முன் தியேட்டருக்குப் போன் செய்யுங்கள். "முந்தைய கேஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள். "இதோ முடிந்துவிடும்" என்பது பதில் அல்ல. தையல் போடுகிறார்களா, இன்னும் உள்ளே வேலை நடக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். டெக்ஸ்மெடிடோமிடின் என்றால் உள்ளே போகும் நேரத்துக்கு 40 நிமிடம் முன்பு, மிடாசோலம் என்றால் 15 நிமிடம் முன்பு. சீக்கிரம் கொடுத்துவிட்டால் குழந்தை தூங்கி எழுந்து, முன்னைவிட எரிச்சலோடு தியேட்டருக்குள் போகும். தாமதமாகக் கொடுத்தால் அழுகையோடு போய், ஆபரேஷன் முடிந்து தூங்கிக்கொண்டே கிடக்கும்.

மருந்து கொடுக்கும் முன் முடித்துவிட வேண்டியவை சில உண்டு: சம்மதக் கையெழுத்து, பெயர்ப்பட்டை, அறுவை மருத்துவர் இடத்தைக் குறியிடுவது, சிறுநீர் கழிக்கவைப்பது, உடை மாற்றுவது, மரப்புக் கிரீம் பூசுவது. லிக்னோகெயினும் பிரிலோகெயினும் கலந்த வழக்கமான கிரீம் வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும், அதனால் அது எல்லாவற்றுக்கும் முன்பே. தூங்கும் குழந்தையின் சட்டையை மாற்றப் போனால் செய்த வேலையெல்லாம் வீண்.

படுக்கைக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன், அந்தக் குழந்தையின் முகத்துக்கு ஏற்ற மாஸ்க், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பை, ஓடிக்கொண்டிருக்கும் சக்‌ஷன் (சளி உறிஞ்சும் கருவி), பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்க வேண்டும். அலமாரியில் இருக்கிறது என்றால் இல்லை என்றே பொருள். மிடாசோலம் கொடுக்கும் இடத்தில் அதன் முறிவு மருந்தான ஃப்ளூமாசெனில் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது படி: கொடுக்கும் விதம்

ஸ்ப்ரே முனையால் கொடுக்கும்போது குழந்தையைப் படுக்கவைக்க வேண்டாம். அம்மாவோ அப்பாவோ நாற்காலியில் சாய்ந்து உட்காரட்டும். குழந்தை மடியில், முதுகு அவர்கள் மார்பில் படும்படி. பெற்றோரின் ஒரு கை குழந்தையின் இரண்டு கைகளையும் சேர்த்து அணைத்துக்கொள்ளட்டும், இன்னொரு கை நெற்றியில். பிடிப்பதுபோல் இல்லாமல் அணைப்பதுபோல் இருக்க வேண்டும். குழந்தைக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

நீங்கள் நிற்காதீர்கள், முட்டி போட்டுக் குழந்தையின் கண் மட்டத்துக்கு வாருங்கள். பொய் சொல்லாதீர்கள். "ஒண்ணுமே இல்லைடா செல்லம்" என்று சொல்லிவிட்டு எரியும் மருந்தை அடித்தால் அடுத்த ஆளையும் அது நம்பாது. "மூக்குல சின்னதா ஒரு ஸ்ப்ரே. கொஞ்சம் சுரீர்னு இருக்கும், அப்புறம் போயிடும்" என்று சொல்லலாம். மூன்று வயதுக் குழந்தைக்கு அது போதும். நீளமான விளக்கம் பயத்தைக் கூட்டும்.

முனையை மூக்குத் துவாரத்தில் இதமாகப் பொருந்தும்படி வையுங்கள். திசை முக்கியம்: நேராக மேலேயும் அல்ல, நடுச்சுவரை நோக்கியும் அல்ல. அதே பக்கத்துக் காதின் மேல் நுனியைப் பார்த்தபடி, சற்று வெளிப்புறமாக. பிறகு ஒரே வேகமாக அழுத்துங்கள். தயங்கித் தயங்கி அழுத்தினால் தூவலாக வராது, ஒழுகும். உடனே அடுத்த துவாரம். இரண்டுக்கும் இடையில் நிறுத்தினால் இரண்டாவதுக்குக் குழந்தை இடம் தராது.

முடிந்ததும் உடனே நிமிர்த்திவிடாமல் அரை நிமிடம் அப்படியே சாய்த்து வைத்திருக்கச் சொல்லுங்கள். மூக்கைத் துடைக்கவோ சிந்தவோ வேண்டாம். தும்மிவிட்டால்? பரவாயில்லை. எவ்வளவு போயிற்று என்று ஊகித்து மறுபடி அடிக்காதீர்கள். தும்மியதைக் குறித்துவைத்து, மருந்துக்கு உரிய நேரம் வரை காத்திருந்து, மருத்துவரிடம் சொல்லுங்கள். கொடுத்த நிமிடத்தை மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள். தியேட்டரில் எல்லோரும் கேட்கப்போகும் கேள்வி அதுதான்.

ஆறாவது படி: காத்திருப்பது

இதுதான் கடினம், ஏனென்றால் செய்ய எதுவும் இல்லாததுபோல் தோன்றும். விளக்கை மங்கலாக்குங்கள். டி.வி. வேண்டாம். டேப்லெட் இருந்தால் சத்தம் குறைத்து மெதுவான படம். அறைக்குள் வருகிறவர்கள் கதவைத் தட்டாமல் நுழையட்டும். பெற்றோரிடம் "தூங்கிட்டானா, தூங்கிட்டானா" என்று தட்டிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குழந்தை மடியிலேயே இருக்கலாம். ஆனால் கீழே இறங்கி நடக்கக்கூடாது. மிடாசோலம் பிடித்த குழந்தை தைரியமாக ஓடும், கால் பின்னும், விழும்.

ஆக்ஸிமீட்டர் உறையைக் கால் பெருவிரலில் மாட்டினால் அவ்வளவாகக் கவனிக்காது. திரையைப் பார்ப்பதோடு குழந்தையின் மார்பையும் பாருங்கள். மூச்சு தடைபடுவது ஆக்ஸிஜன் எண் இறங்குவதற்கு முன்பே மார்பிலும் குறட்டையிலும் தெரிந்துவிடும். நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, தூக்கத்தின் ஆழம் நான்கையும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவையுங்கள். ஆழத்தை அளக்க மிச்சிகன் பல்கலைக்கழக அளவுகோல் எளிது: 0 முழு விழிப்பு; 1 சொக்கல், பேச்சுக்குச் சரியாகப் பதில்; 2 தூக்கம், லேசாகத் தொட்டாலோ கூப்பிட்டாலோ எழும்; 3 நன்றாக உலுக்கினால்தான் எழும்; 4 எழவே எழாது. நமக்கு வேண்டியது 1 அல்லது 2. 3க்குப் போனால் மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம்.

தலை முன்னால் மடங்கி, தாடை மார்பில் இடிக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். மடியில் தூங்கும் குழந்தைக்கு இதுதான் சத்தமில்லாத ஆபத்து. குறட்டை வந்தால் முதலில் தலையைச் சற்று நிமிர்த்தி, தாடையை மேலே தூக்குங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும். ஆக்ஸிஜன் இறங்கினால் படுக்கையில் கிடத்தி, தாடையைத் தூக்கியபடியே ஆக்ஸிஜன் வைத்து, குரல் கொடுத்து உதவி கூப்பிடுங்கள். மூச்சு போதவில்லை என்றால் ஆம்பு பை. இந்த வரிசையை உதவிக்கு ஆள் வரும் வரை நீங்கள் தனியாகச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் முதலில் அதைப் பொம்மையில் பழகிவிட்டு வாருங்கள்.

மிடாசோலத்துக்கு முறிவாக ஃப்ளூமாசெனில், கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் நரம்பு வழி, ஒருமுறைக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் இல்லாமல் மருத்துவர் கொடுப்பார். அது சீக்கிரம் தீர்ந்துவிடும், குழந்தை மறுபடி தூங்கிவிடலாம், ஆகவே கண்காணிப்பு தொடர வேண்டும். வலிப்புக்காக நெடுநாள் இதே வகை மருந்து சாப்பிடும் குழந்தைக்கு ஃப்ளூமாசெனில் வலிப்பைத் தூண்டலாம். டெக்ஸ்மெடிடோமிடினுக்கு இப்படி வழக்கமான முறிவு மருந்து கிடையாது. நாடித்துடிப்பு குறைந்தால் எண்ணைப் பார்த்துப் பதறாமல், கைகால் வெதுவெதுப்பாக இருக்கிறதா, ரத்த அழுத்தம் என்ன என்று பாருங்கள். தூங்கும் குழந்தைக்கு நாடி சற்று இறங்குவது எதிர்பார்த்ததே. அழுத்தமும் சேர்ந்து இறங்கினாலோ, தோல் வெளிறிக் குளிர்ந்தாலோ, குழந்தையை எழுப்பிப் பார்த்துக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பலிக்கவில்லை என்றால்

முதலில் மணியைப் பாருங்கள். டெக்ஸ்மெடிடோமிடின் கொடுத்து 20 நிமிடம்தான் ஆகியிருந்தால் எதுவும் தவறவில்லை. உரிய நேரம் கடந்தும் குழந்தை விழித்து அழுதுகொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மறு அளவு கொடுப்பதா, வேறு வழியா, ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளுவதா என்பது அவர் முடிவு. மிடாசோலத்துக்குப் பிறகு சில குழந்தைகள் அமைதியாவதற்குப் பதில் கட்டுக்கடங்காமல் கத்தி, அடித்து, உதைப்பார்கள். பயம் கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மிடாசோலம் கொடுத்தால் மோசமாகும். அது அந்த மருந்தின் எதிர்மறை விளைவு. குறிப்பேட்டில் பெரிதாக எழுதுங்கள், பெற்றோரிடமும் சொல்லி அனுப்புங்கள். அடுத்த முறை வேறு மருந்து.

ஏழாவது படி: உள்ளே கூட்டிப்போவது

தனியாக அனுப்பாதீர்கள். கண்காணிப்புக் கருவியோடு, ஆம்பு பையோடு, மூச்சு பார்க்கத் தெரிந்த ஒருவர் கூடவே போக வேண்டும். டெக்ஸ்மெடிடோமிடினில் தூங்கும் குழந்தையை மடியிலிருந்து ட்ராலிக்கு மாற்றும் தருணம்தான் பெரும்பாலும் விழிக்கும் தருணம். முடிந்தால் பெற்றோரே தூக்கிக்கொண்டு வாசல் வரை வரட்டும், அல்லது குழந்தை போர்த்தியிருக்கும் போர்வையோடு சேர்த்துத் தூக்குங்கள். தியேட்டருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: பெரிய விளக்கு வேண்டாம், பேச்சு வேண்டாம், தூங்கும் முகத்தருகே மாஸ்க்கைத் தொடாமல் பிடித்துத் தொடங்கலாம், கேனுலா அப்புறம். தியேட்டர் ஆட்களுக்கு இது புதிதாக இருந்தால் முதல் சில முறை எரிச்சல்படுவார்கள். ஒரு குழந்தை அழாமல் மயக்கத்துக்குள் போவதைப் பார்த்தபின் அவர்களே விளக்கை அணைப்பார்கள்.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியது

செடேஷனையும் முழு மயக்கத்தையும் பெரும்பாலோர் ஒன்றாகவே நினைப்பார்கள். "இது பயம் போக மட்டும். ஆபரேஷனுக்கான மயக்கம் உள்ளே போனபிறகுதான்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குழந்தை அசைவதைப் பார்த்து, மருந்து சரியில்லாமல் உள்ளே கொண்டுபோகிறார்கள் என்று பயப்படுவார்கள். கண் பாதி திறந்திருக்கலாம், சம்பந்தமில்லாமல் பேசலாம், கூப்பிட்டால் பதில் வராமல் போகலாம் என்பதையும் முன்பே சொல்லுங்கள்.

அன்றே வீட்டுக்குப் போகும் குழந்தையென்றால் முழுதாக விழித்து, தானாக உட்கார்ந்து, வழக்கம்போல் பேசும் வரை அனுப்பக்கூடாது. காரில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பின் இருக்கையில் குழந்தை தூங்கிவிட்டால் தலை முன்னால் தொங்கி மூச்சை அடைக்கும். ஓட்டுபவர் தவிர இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று முழுக்கப் படிக்கட்டு, சைக்கிள், தண்ணீர்த் தொட்டி பக்கம் தனியாக விடக்கூடாது. இரவில் எழுப்பவே முடியாத தூக்கமோ, மூச்சுத் திணறலோ, உதடு நீலமாவதோ தெரிந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வரச் சொல்லி, உங்கள் பிரிவின் தொலைபேசி எண்ணை டிஸ்சார்ஜ் சீட்டில் கையால் எழுதிக் கொடுங்கள்.